வலது கீழ் மூலை

பதினெட்டு சொன்னார் தன்வீர், பதினாறரைக்கு முடிந்தது.
பில்லில், "லேப்டாப், பழையது, ஒன்று."
உள்ளே ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"விண்டோஸ்?" என்றேன்.
"ஒரிஜினல் மேடம். ப்ரோ. லைஃப்டைம்."
யாருடைய ஆயுள் என்று அவர் சொல்லவில்லை.
லாங் பஜாரில் வெங்காய மூட்டை இறக்குகிறார்கள்,
பின்னால் ஏழெட்டு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது,
நானும் கேட்கவில்லை.

அடிப்பக்கம் ஒரு பார்கோடு.
பெங்களூர் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் சொத்து, எண் 4471.
நகத்தால் சுரண்டினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன்,
ஓரம் மட்டும் அழுக்கேறி
அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நூற்றெண்பது நாள் ஒரு தொந்தரவும் இல்லை.
ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்தால் மூன்றுக்கு எழுவேன்.
டாக்டர்கள் பேசி அனுப்பியதைக் காதில் வாங்கித் தட்டுவேன்:
மால்டாவிலிருந்து வந்தவரின் சிறுநீரகம்,
அகர்தலாக்காரரின் வால்வு,
குடியாத்தத்துப் பையனின் உடைந்த முழங்கால்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.

சித்திரை வெயில் சுவருக்குள்ளேயே தங்கிவிட்ட ஒரு ராத்திரி
திரையின் வலது கீழ் மூலையில்
சாம்பல் நிறத்தில் இரண்டு வரி.
ஆக்டிவேட் செய்யச் சொல்லி.
மிரட்டல் இல்லை.
வாடகை பாக்கி கேட்க வந்தவர்
உள்ளே வராமல், போகாமல்,
கேட்டுக்கு வெளியே செருப்போடு நிற்கிற மாதிரி.
மால்டாக்காரரின் பொட்டாசியம் அந்த எழுத்துக்கு அடியில் போய்
நாலா ஐந்தா என்று குனிந்து பார்த்தேன்.

வால்பேப்பரையும் மாற்ற விடவில்லை.
கம்பெனியின் மஞ்சள் குடை விரிந்தபடியே இருந்தது.
சத்துவாச்சாரியில் என் வீட்டு ஓனர் ஜெயசீலனும் அப்படித்தான்:
பதினோரு மாத அக்ரிமெண்ட்,
சுவரில் ஆணி கூடாது.

தன்வீரிடம் போனேன்.
"நானூறு குடுங்க, இன்னொரு ஆறு மாசம் கேக்காது."
ஆன்லைனில் முந்நூற்றைம்பதுக்குச் சாவி விற்றார்கள்,
யார் வீட்டுப் பூட்டுக்கோ.
நேர்வழியில் புதிதாய் வாங்கினால்
மெஷின் விலையில் பாதிக்கு மேல்.
எத்தனை பேர் குணமாகி ரயிலேறினால்
எனக்கு அந்தப் பணம் சேரும் என்று கணக்குப் போட்டு,
போட்டதற்கு வெட்கப்பட்டேன்.

தோட்டப்பாளையத்தில் நேசகுமார்
கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டினார்.
போர்டு பதில் சொன்னது. இருபத்தைந்து எழுத்து.
இத்தனை நாள் யாரும் கேட்காததால் சொல்லாமல் வைத்திருந்தது.
"இதுவரைக்கும் ஓடினது அந்தக் கம்பெனியோட மொத்த லைசென்ஸ்.
அவங்க சர்வரை ஆறு மாசம் பாக்கலன்னா கை விட்டுடும்.
நடுவுல யாரோ போர்டை மாத்தியிருக்காங்க.
போர்டுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருக்கு.
ஆனா ப்ரோ இல்ல மேடம். ஹோம்."
வரன் தட்டிப்போன செய்தி சொல்கிற குரல்.

"அப்ப இது என்னுதா?"
"மெஷின் உங்களுது. உள்ள இருக்கறதை
எவனும் எவனுக்கும் விக்கல.
உட்கார்ந்துக்கோன்னு ஒரு அனுமதி.
அதுவும் உங்களுக்கு இல்ல, போர்டுக்கு."

முந்நூறு ரூபாய், இரண்டு டீ.
ப்ரோ போனது. குடை போனது.
காட்பாடி பஸ்ஸில் மடியில் வைத்து ஒருமுறை திறந்து பார்த்தேன்,
மூலை காலி.

இப்போது எந்தப் படமும் வைக்கலாம்.
மூன்று வாரமாக வெறும் கறுப்பு,
ஒன்றும் தோன்றவில்லை.
நேற்று மால்டாக்காரரை அனுப்பிவிட்டார்கள்.
கடைசிக் கட்டம், நோயாளி எங்கே செல்கிறார்.
ஹோம் என்று தட்டிவிட்டு
பழக்கத்தில் வலது கீழ் மூலையைப் பார்த்தேன்.
மணி இரண்டு நாற்பது.
மடியில் 4471
சுட்டது.